ஜாக் வைத்த இடம்

ராய்ஸ் ஹாக்கடேயின் தொடை எலும்பு முறிந்த செய்தி காலோவே ஊருக்குள் ஓடிய வேகத்தில் அந்த ஊர்த் தீயணைப்பு வண்டி ஒருநாளும் ஓடியதில்லை.

ஓடாமல் என்ன செய்யும்? ஓக்லஹோமாவின் அந்தக் காய்ந்த மூலையில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே முகம் ராய்ஸ்தான். பிக்கப் வண்டியை வீட்டு வாசலிலேயே பழுதுபார்ப்பது எப்படி என்று வாரம் ஒரு வீடியோ போடுகிறவர். வெள்ளைத் தொப்பி, நரைத்த மீசை, தேன் தடவிய அடிக்குரல். ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் கேமராவை நேராகப் பார்த்துச் சொல்வார்: "ஜாக் தூக்குறதுக்குத்தான், தாங்குறதுக்கு இல்ல. ஸ்டாண்ட் வைக்காம அடியில போகாதீங்க. உங்களுக்காக வீட்ல ஒருத்தர் காத்திருக்காங்க." அந்தக் கடைசி வரியில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிற முரடர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வதாகக் கேள்வி.

அந்த ராய்ஸ்தான் புதன்கிழமை பிற்பகல் தன் வீட்டு வாசலில், தன் பிக்கப்புக்கு அடியில், தூக்கிய வண்டியைத் தாங்குகிற இரும்பு ஸ்டாண்ட் என்ற பேச்சே இல்லாமல் கிடந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் அலறல் கேட்டு டிராக்டரோடு வந்து வண்டியின் மூக்கைத் தூக்கியதால் உயிர் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் ராய்ஸ் வாக்குமூலம் கொடுத்தார். முன்பக்கம் தூக்கி, இரண்டு ஸ்டாண்ட் வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனாராம். திரும்பி வந்து அடியில் நுழைந்ததும் வண்டி இறங்கிவிட்டதாம். யாரோ ஸ்டாண்டை உருவிவிட்டு, ஜாக்கையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். யார் என்று சொல்ல மாட்டேன் என்றார். "அவளுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

ஷெரிஃப் பர்ல் ஸ்டான்சிலுக்கு அந்த 'அவள்' போதுமாக இருந்தது. ராய்ஸின் மனைவி டார்லா இரண்டு நாள் முன்புதான் வீட்டை விட்டுப் போயிருந்தாள். சலவைக் கடைக்குப் பின்னால் அவள் எடுத்திருந்த வாடகை அறை வாசலில் அவளுடைய பிக்கப் நின்றது. அதன் பின்தொட்டியில் இரண்டு ஸ்டாண்டுகள் இருந்தன. பொழுது சாய்வதற்குள் டார்லா கம்பிக்குப் பின்னால் இருந்தாள். குற்றச்சாட்டு, கொலை முயற்சி.

மறுநாள் காலை மாக்ஸீன் டாலிவர் ராய்ஸின் வாசலில் போய் நின்றாள். மாவட்டத்தின் குற்றப் புலனாய்வாளர். வயது அறுபதை நெருங்குகிறது, முழங்கால்கள் எண்பதைத் தாண்டிவிட்டன. கூடவே உதவியாளன் ஓடெல் ஃப்ரிட்ச். வறுத்த கோழிக் கடை வைத்து, பாதிக் கோழியைத் தானே தின்று, கடையை மூடிவிட்டுப் போலீஸுக்கு வந்தவன்.

வாசலில் கராஜ் கதவிலிருந்து சாலை வரை கான்கிரீட் தரை சரிவாக இறங்கியது. பிக்கப் கராஜைப் பார்த்து நின்றது. ஓட்டுநர் பக்க முன்சக்கரம் கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருக்க, வண்டி அந்த மூலையில் பிரேக் டிஸ்க்கின் மேலேயே குந்தியிருந்தது. சக்கரம் வைத்த டிராலி ஜாக் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"அடியில போய்ப் பாரு ஓடெல்."

"பார்க்கலாம் மேடம். ஆனா எனக்காக வீட்ல யாரும் காத்திருக்கல. அதான் யோசிக்கிறேன்."

மாக்ஸீன் தன் போனைக் குச்சியில் கட்டி வண்டிக்கு அடியில் நீட்டிப் படம் எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓட்டுநர் கதவுக்குக் கீழே தகடு மடிந்து ஒரு விளிம்பாக ஓடுகிறதே, அது ஓரிடத்தில் மிதிபட்ட தகர டப்பா போல நசுங்கியிருந்தது. ஜாக்கின் தலை அளவுக்குச் சரியாக ஒரு வட்டப் பள்ளம்.

"ஜாக்கை இங்க வச்சிருக்காங்க" என்றாள்.

"வச்சா?"

"பிக்கப்புக்கு எலும்பு சேஸ். முன்னாடியிலிருந்து பின்னாடி வரைக்கும் ரெண்டு இரும்புத் தண்டு ஓடுது பாரு, அதுதான். பாடிங்கிறது அது மேல மாட்டின சட்டை. சட்டையைப் பிடிச்சு ஆளைத் தூக்கினா என்ன ஆகும்?"

"பட்டன் தெறிக்கும்."

"அதான் தெறிச்சிருக்கு. கார்ல அப்படி இல்ல. காருக்குத் தனியா சேஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. அதனால அந்தத் தகட்டு மடிப்புலதான் ஜாக் வைப்பாங்க. இதை வச்ச ஆளுக்குக் காரைப் பத்தி ஏதோ தெரியும். பிக்கப்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

அடுத்து அவள் கண் பின்சக்கரத்துக்குப் போனது. சக்கரம் உருளாமல் இருக்க ஒரு மரக்கட்டை வைக்கப்பட்டிருந்தது. சரிவில் நிற்கிற வண்டி பள்ளத்தை நோக்கித்தான் உருளும். கட்டையோ மேட்டுப் பக்கம் இருந்தது. ஓடெல் குனிந்து பார்த்துவிட்டு, வண்டி தானாக மேடேறி கராஜுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளாமல் இருக்க யாரோ முன்னெச்சரிக்கையாக வைத்திருக்கிறார்கள் என்றான். ராய்ஸ் திரும்பி வந்தபோது முழங்கால் உயரத்துக்கு நின்ற இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் காணாமல் போனதைக் கவனிக்கவில்லையாமே, தண்ணீர்தான் குடித்தாரா என்றும் கேட்டான்.

மாக்ஸீன் ஷெரிஃபுக்குப் போன் போட்டு நசுங்கிய தகட்டைப் பற்றிச் சொன்னாள். ஷெரிஃபுக்கு ஒரே மகிழ்ச்சி. வழக்கு இன்னும் இறுகிவிட்டது என்றார். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள்தானே ஜாக்கை அங்கே வைப்பார்? போன சனிக்கிழமை மாவட்டக் கண்காட்சியில் நடந்தது ஊருக்கே தெரியும். மேடையில் நின்ற ராய்ஸிடம் கூட்டத்தில் ஒருவர், வீட்டுக்காரம்மா கூடமாட உதவி செய்வார்களா என்று கேட்டார். ராய்ஸ் மீசையைத் தடவிக்கொண்டு, "அவளுக்கு ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாதுங்க" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாவது வரிசையில் எலுமிச்சைச் சாற்றுக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த டார்லா எழுந்து போய்விட்டாள். கோபத்துக்குக் காரணமும் கிடைத்தது, அறியாமைக்குச் சாட்சியும் கிடைத்தது, இன்னும் என்ன வேண்டும் என்றார் ஷெரிஃப்.

"கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று மாக்ஸீன் போனை வைத்தாள்.

டார்லா சிறை அறையில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, வெட்டி விட்ட தலைமுடி, சரளைக்கல்லில் வண்டி போவது போன்ற குரல். மாக்ஸீனும் அவளும் பள்ளியில் ஒரே வகுப்பு. அப்போதும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

மாக்ஸீன் ஒன்றும் கேட்காமல் போனை நீட்டினாள். டார்லா படங்களைத் தள்ளிக்கொண்டே போனவள் ஒன்றில் நின்றாள்.

"கட்டையை எவன் மேட்டுப் பக்கம் வச்சான்?"

டார்லா அடுத்த படத்துக்குப் போனாள். நசுங்கிய தகட்டைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வலி வந்து போனது. காயம்பட்ட குழந்தையைப் பார்ப்பது போல. பிறகு மூக்கால் சிரித்தாள்.

"ஷெரிஃப் சொல்றாரு, நீ ஸ்டாண்டை உருவிட்டு ஜாக்கை அங்க நகர்த்தினியாம்" என்றாள் மாக்ஸீன்.

"நான் கொல்லணும்னு நினைச்சிருந்தா சேஸ்லதான் ஜாக் வச்சுக் கொன்னிருப்பேன். பாடியை ஏன் கெடுக்கப் போறேன்?"

ஓடெல் அதைக் கேட்டு இருமினான்.

ஸ்டாண்டுகள் தன்னுடையவை என்று டார்லா சொன்னாள். திங்கட்கிழமை கிளம்பும்போதே எடுத்து வந்துவிட்டாள். புதன்கிழமை அந்த வீட்டில் உருவுவதற்கு ஸ்டாண்டே கிடையாது. இதை ஷெரிஃபிடமும் சொன்னாள். ராய்ஸ் ஹாக்கடே ஸ்டாண்ட் இல்லாமல் வண்டியைத் தூக்குவார் என்பதை நம்புவதற்குப் பதில், பாதிரியார் திருடுகிறார் என்பதைக்கூட நம்பிவிடுவேன் என்று அவர் பதில் சொன்னாராம்.

உனக்கு வண்டி வேலை தெரியும் என்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மாக்ஸீன் கேட்டாள்.

"தெரியும்னு சொன்னா, கொல்லத் தெரிஞ்சவள்னு சொல்லுவீங்க. தெரியாதுன்னா, தெரியாம வச்சுட்டேன்னு சொல்லுவீங்க. ரெண்டுக்கும் இதே கட்டில்தான்." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஊரே சிரிச்சது ஒரு தடவை போதும் மாக்ஸீன். நானா எதையும் சொல்லப் போறதில்ல. உனக்குக் கண்ணு இருக்குல்ல, பாரு."

வெளியே வெயிலில் வந்ததும் ஓடெல் கணக்குப் போட்டான். ராய்ஸுக்கு வண்டி தெரியும், அதனால் அவர் வைக்கவில்லை. டார்லாவுக்கும் தெரிகிறது, புருஷனிடமே கற்றிருப்பாள் போல. அதனால் அவளும் வைக்கவில்லை. அப்படியானால் மூன்றாவதாக ஒருவர். பிக்கப்பை அறியாத கார்க்காரர். "இந்த மாவட்டத்துல கார் வச்சிருக்கிறவங்க எல்லாரையும் பிடிச்சாக்கூட ஒரே பெஞ்சுல உக்கார வச்சுடலாம் மேடம். அதுலயும் ராய்ஸ் வீட்டுக்குப் போய்வர்றது ஒரே ஒருத்தன்தான்."

அந்த ஒருத்தன் லைல் பாஸ்கம். ராய்ஸின் வீடியோக்களைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டுகிறவன். நகரத்திலிருந்து வந்தவன், வெளிறிய முகம், மின்சாரத்தில் ஓடும் குட்டிக் கார். தீவனக் கடை எதிரில் இருந்த உணவகத்தில், வறுத்த வெண்டைக்காயும் குழம்பு ஊற்றிய ரொட்டியுமாக அவன் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது இரண்டு பேரும் எதிரே போய் உட்கார்ந்தார்கள்.

ஓடெல் கண்ணை இடுக்கிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தான். புதன்கிழமை மதியம் எங்கே இருந்தாய்? லைல் வாயைத் திறந்து காட்டினான். கடைவாயில் புதிதாகப் பிடுங்கிய பள்ளம். பக்கத்து ஊர்ப் பல் வைத்தியரிடம் மூன்று மணி வரை மல்லாந்து கிடந்திருக்கிறான். ஓடெல் எழுந்துபோய் வைத்தியருக்குப் போன் போட்டுவிட்டு, தோற்ற முகத்தோடு திரும்பினான்.

"கடைசியா எப்போ ஜாக் வச்சுச் சக்கரம் மாத்தினே?" என்று விடாமல் கேட்டான்.

"என் கார்ல ஸ்டெப்னியே கிடையாதுங்க. பஞ்சரானா போன் பண்ணுவேன், யாராவது வருவாங்க."

ஓடெல் அவனுடைய வெண்டைக்காயில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வழக்கை மூடினான். மாக்ஸீன் மூடவில்லை. பல் வலி இருந்தால் அன்றைக்குப் படப்பிடிப்பே கிடையாதா என்று கேட்டாள். இருந்தது என்றான் லைல். பிரேக் மாற்றுகிற வீடியோ. ஆனால் நாலு மணிக்கு மேல் வந்தால் போதும், அதற்கு முன் வரவே வேண்டாம் என்று ராய்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வந்து பார்க்கும்போது வண்டி தயாராக மேலே நிற்குமாம்.

"அப்போ தூக்குறதைப் படம் பிடிக்க வேண்டாம்னாரா?"

"ஆமா."

"வாராவாரம் உலகமே பார்க்க வண்டியைத் தூக்குற மனுஷன். அன்னிக்கு மட்டும் ஏன் ஒருத்தர்கூடப் பார்க்காம தூக்கணும்னு நினைச்சாரு?"

லைலுக்குத் திடீரென்று தன் குளிர்ந்த தேநீரில் மிதந்த பனிக்கட்டி மிகவும் சுவாரசியமாகிவிட்டது. தான் வாக்குக் கொடுத்திருப்பதாகவும், இதற்கு மேல் கேட்கக் கூடாது என்றும் பனிக்கட்டியிடம் சொன்னான்.

மாக்ஸீன் கேட்கவில்லை. அவனுடைய போனை வாங்கி ராய்ஸின் பழைய வீடியோக்களை வரிசையாகப் பார்த்தாள். ராய்ஸ் வண்டிக்கு முன்னால் நின்று பேசுகிறார். வெட்டு. நீலக் கையுறை போட்ட இரண்டு கைகள் ஜாக்கைத் தள்ளி, சேஸுக்கு நேராக நிறுத்தி, கைப்பிடியை மேலும் கீழும் அழுத்துகின்றன. ஸ்டாண்ட் வைத்து, வண்டியை மெல்ல அதன் மேல் இறக்குகின்றன. வெட்டு. ராய்ஸ் புன்னகையோடு தொப்பியைச் சரிசெய்கிறார். அடுத்த வீடியோவும் அப்படியே. அதற்கடுத்ததும். பின்னணியில் அந்தத் தேன்குரல் ஒவ்வொரு அசைவையும் விளக்கிக்கொண்டே வந்தது.

"என்ன மேடம் தெரியுது?" என்றான் ஓடெல்.

"நம்ம வண்டி பிரேக் கொஞ்சம் கிறீச்சுங்குதுல்ல?"

"இல்லையே."

"கிறீச்சுங்குது. போய் ராய்ஸ்கிட்ட யோசனை கேப்போம்."

ஆஸ்பத்திரி அறை பூக்கடை போல் இருந்தது. ராய்ஸின் காலைக் கயிற்றில் கட்டித் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அந்த வேலையையாவது தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள் என்று ஓடெல் மாக்ஸீனின் காதில் சொன்னான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஷெரிஃப் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரசிகர்களின் வாழ்த்துகளைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அலாஸ்காவிலிருந்து ஒரு பெண் இவருக்காகப் பட்டினி கிடக்கிறாளாம்.

மாக்ஸீன் தொப்பியைக் கழற்றினாள். உடம்பை விசாரித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், ஆனால் வேறு யாரிடம் போவது என்று ஆரம்பித்தாள். தன் பழைய பிக்கப்பில் முன் பிரேக் சத்தம் போடுகிறது. வீட்டிலேயே கழற்றிப் பார்க்க ஆசை. ஆனால் உங்களுக்கே இப்படி ஆன பிறகு ஜாக்கைத் தொடவே கை நடுங்குகிறது.

ராய்ஸின் முகம் மலர்ந்தது. வலி எங்கோ போனது. தலையணையில் கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பயப்படவே வேண்டாம் மாக்ஸீன். சமதளமா இடம் பாருங்க. ஹேண்ட் பிரேக் போடுங்க. கட்டை வைங்க. அப்புறம் ஜாக். எப்பவும் சேஸ்லதான். பாடியில வச்சா போச்சு."

"அதாங்க எனக்குக் குழப்பம்" என்று மாக்ஸீன் போனை அவர் முன்னால் நீட்டினாள். தன் வண்டியின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து எடுத்த படம். "இதுல சேஸ் எதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன். எங்க வைக்கணும்?"

ராய்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தடித்த சுட்டுவிரல் திரையின் மேல் ஒருகணம் சுற்றியது. பிறகு நம்பிக்கையோடு இறங்கியது.

"இதோ. கதவுக்குக் கீழ நீளமா ஓடுது பாருங்க, இந்த மடிப்பு. இதுதான் சேஸ். இதுல இந்த இடத்துல வைங்க, வண்டி மலை மாதிரி நிக்கும்."

ஷெரிஃப் ஸ்டான்சில் வாழ்த்து அட்டையைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார். அவரும் பிறந்ததிலிருந்து பிக்கப் ஓட்டுகிறவர்.

"ராய்ஸ்" என்றார் மெதுவாக. "அது சேஸ் இல்லப்பா. அது பாடி."

"என்ன?"

"சேஸ் உள்ள இருக்கு. அந்தக் கருப்புத் தண்டு. நீ காட்டுறது கதவு வாசப்படித் தகடு."

ராய்ஸ் படத்தை மறுபடி பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அந்தப் பொருளை முதல்முறையாகப் பார்க்கிற பார்வை அது. பிறகு, மருந்து மயக்கம், கண் சரியாகத் தெரியவில்லை என்றார்.

"மருந்து நேத்து சாயங்காலம்தான் குடுத்தாங்க" என்றாள் மாக்ஸீன். "ஜாக்கை அதுக்கு முன்னாடி மத்தியானமே வச்சிருக்கீங்க. உங்க வண்டியில நசுங்கியிருக்கிறதும் இதே இடம்தான். மேட்டுப் பக்கம் கட்டை வச்சதும் நீங்கதான். ஸ்டாண்ட் வச்சேன்னு சொன்னீங்க. வீட்டுல ஸ்டாண்டே இல்ல."

ஷெரிஃபுக்கு இன்னும் பிடிபடவில்லை. வாராவாரம் அவர் கண்ணால் பார்த்திருக்கிறாரே, ராய்ஸ் வண்டியைத் தூக்குவதை. ராய்ஸ் இல்லையென்றால் இத்தனை வருஷம் தூக்கியது யார்?

"நீங்க உள்ள வச்சிருக்கீங்களே, அவங்கதான்" என்றாள் மாக்ஸீன். "முகமும் குரலும் இவருது. கை டார்லாவோடது. என்ன பேசணும்னு எழுதிக் குடுத்ததும் அவங்களாத்தான் இருக்கும். இல்லையா ராய்ஸ்?"

ராய்ஸ் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். அந்தத் தேன்குரல் வரவில்லை, அடியிலிருந்து வேறொரு குரல்தான் வந்தது. கண்காட்சியில் அப்படிச் சொன்னது ஒரு வேடிக்கைக்காகத்தான் என்றார். கூட்டம் சிரித்ததும் நிறுத்த முடியவில்லை. அவள் போய்விட்டாள், ஸ்டாண்டுகளும் போய்விட்டன. ஒரு வீடியோவாவது தனியாகச் செய்து காட்டிவிட வேண்டும் என்று நினைத்தார். லைல் வருவதற்குள் வண்டியைத் தூக்கி வைத்துவிட்டால், தனக்கு வேலை தெரியாது என்பது அவனுக்குக்கூடத் தெரியவராது. இளவயதில் அப்பாவின் காரை ஒருதடவை தூக்கியிருக்கிறார். அந்த ஞாபகத்தில் வைத்தார்.

"உங்க தப்பை உங்களோட வச்சிருக்கலாமே" என்றாள் மாக்ஸீன். "அவங்களை ஏன் உள்ள தள்ளினீங்க?"

ராய்ஸ் சுவரைப் பார்த்தார். "எத்தனை பேர் என்னைப் பார்த்து வண்டியைத் தூக்குறாங்க தெரியுமா? நானே விழுந்தேன்னு தெரிஞ்சா அவங்க என்ன நினைப்பாங்க?"

"அவங்க உங்களைப் பார்த்துத் தூக்கல ராய்ஸ். டார்லாவைப் பார்த்துத் தூக்கினாங்க. அதனாலதான் எல்லாரும் உயிரோட இருக்காங்க."

ஷெரிஃப் வாழ்த்து அட்டைகளை ஒழுங்காக அடுக்கி, கட்டிலின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். நேற்று எழுதிக்கொண்ட வாக்குமூலத்தைத் திருத்திப் புதிதாக ஒன்று எழுத வேண்டியிருக்கும், பொய்ப் புகார் கொடுப்பதற்கும் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது என்று ராய்ஸிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் ஓடெல்லைக் கடக்கும்போது, இதை வெளியே சொல்லாதே என்றார். எதை என்று கேட்டான் ஓடெல். ஷெரிஃப் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டார்லாவை வெளியே விட்டபோது ஷெரிஃப் மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தார். அவள் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. வழக்குப் போடப்போகிறாயா என்று கேட்டதற்கு, வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். ஆனால் முதலில் ராய்ஸின் வாசலில் கிடக்கும் வண்டியைப் பார்க்க வேண்டும். இரண்டு நாளாக டிஸ்க்கின் மேல் குந்திக்கொண்டிருக்கிறது என்று மாக்ஸீன் சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதிவில் அந்த வண்டி அவள் பெயரில்தான் இருந்தது.

அன்று மாலை வெயில் தணிந்த நேரத்தில் அந்த வாசலில், மாக்ஸீனும் ஓடெல்லும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தன் ஜாக்கையும் ஸ்டாண்டுகளையும் இறக்கினாள். முதலில் மேட்டுப் பக்கத்துக் கட்டையைக் காலால் எத்தித் தள்ளினாள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் பள்ளத்துப் பக்கம் கட்டை வைத்து, ஒவ்வொன்றையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கினாள். கதவைத் திறந்து பார்த்தாள். ஹேண்ட் பிரேக்கைப் பாதிதான் இழுத்திருந்தார் ராய்ஸ். அவள் முழுக்க இழுத்தாள். பிறகு தரையில் முகம் படியப் படுத்து, சேஸ் தண்டில் விரலால் தட்டி இடம் பார்த்து, ஜாக்கைத் தள்ளினாள்.

கையுறை போடவில்லை. கைகள் வேலை செய்ய, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இருந்தது. தகட்டைத் திட்டினாள், மீசையைத் திட்டினாள், சரிவில் வண்டியை நிறுத்திய புத்தியைத் திட்டினாள். திட்டுகளுக்கு நடுவிலேயே எந்த வேலையை ஏன் செய்கிறாள் என்பதும் வந்து விழுந்துகொண்டிருந்தது. வண்டி எழும்பியதும் சேஸின் தட்டையான இடத்தில் ஸ்டாண்டைச் சொருகி, ஜாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பாரத்தை அதன் மேல் இறக்கினாள். ஜாக்கை எடுத்துவிடவில்லை, சேஸைத் தொட்டும் தொடாமலும் அப்படியே விட்டாள். இடுப்பால் வண்டியை ஓர் இடி இடித்தாள். அசையவில்லை. அப்படியும் திருப்திப்படாமல், கழற்றிய சக்கரத்தை உருட்டி வந்து சேஸுக்கு அடியில் படுக்க வைத்தாள். எல்லாம் கைவிட்டாலும் அது தாங்குமாம்.

ஓடெல் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை தெரிந்தவள் வீடியோவில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தது ஏன் என்று கேட்டான்.

"ஆரம்பத்துல ஒரு தடவை பேசினேன். என் குரலைக் கேட்டா பார்க்கிறவங்க பயந்துடுவாங்கன்னு ராய்ஸ் சொன்னான். எனக்கும் அவன் குரல் பிடிக்கும். சரின்னு விட்டுட்டேன்." அவள் பிரேக் டிஸ்க்கைத் துணியால் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பாமலே ஒரு சத்தம் போட்டாள்: "யாருடா அது, வண்டிக்கு அடியில காலை நீட்டிக்கிட்டு நிக்கிறது? எடுடா."

எந்தக் கால் என்று யோசிப்பதற்கு முன்பே ஓடெல்லின் கால் வெளியே வந்திருந்தது. உடம்போடு சேர்ந்து இரண்டடி பின்னால் வந்து நின்றான்.

"மேடம்" என்றான் மாக்ஸீனிடம், மூச்சு வாங்கியபடி. "இந்த வேலைக்கு இந்தக் குரல்தான் சரி."